கடைசித் தூணின் எண்

“வீடு உனக்கு. நாய் எனக்கு. தூண்கள்?” என்று கேட்டாள் ஈஷ்பெல்.

“நூத்திப் பன்னெண்டுல அறுபதுதான் தொட்டிருக்கோம். பாதியில எப்படி விடறது?” என்றான் டூகல்.

“சரி. ரெண்டு மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை சேர்ந்து போய் முடிப்போம். அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ.”

ஒன்பது வருடங்களுக்கு முன், இன்வெர்னஸ் நகரில் விவாகரத்து வக்கீலின் அறையில் நடந்த பேச்சு அது. இன்று, மேகம் மூடிய பென் கார்வன் மலைச்சரிவில் ஏறும்போது டூகலின் காதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. நில அளவைக்காக மலையுச்சிகளில் நட்ட அந்தத் தூண்களில், இந்த உச்சியில் நிற்பதுதான் நூற்றுப் பன்னிரண்டாவது.

இன்றோடு சனிக்கிழமைகள் தீர்ந்துவிடும். நாயும் போன குளிர்காலத்தில் செத்துவிட்டது. அதைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் அவளிடம் ஒன்று கேட்க நினைப்பான். மலையடிவாரத்தில் அவரவர் கார்க் கதவு சாத்தும் சத்தத்தோடு அது முடிந்துபோகும்.

“காத்து ரொம்ப மோசம், ஈஷ்பெல். அடுத்த வாரம் வரலாமே.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னே. அங்க பாரு, ஆடே மேய்ஞ்சுட்டிருக்கு. நட.”

திசைகாட்டி அவன் கையில் இருந்தது. வேறு வழி தோன்றாமல், வேண்டுமென்றே மேற்கே திரும்பினான். பத்தே எட்டில் அவள் அவனுடைய தோள்பையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தப் பக்கம் பாறை விளிம்பு. வடக்கே போகணும். உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?”

“வயசாகுது.”

“எண்ணைத் தப்பா எழுதினப்போ நானும் அதைத்தான் சொன்னேன். நீ விட்டியா?”

அது உண்மை. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு தகடு பதித்திருக்கும். அதிலுள்ள எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வந்து, அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் ஏறியது செல்லாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி. இருபத்தேழு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து, ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றி அனுப்பாத ஈஷ்பெல், நான்கு முறை எண்ணைத் தப்பாக எழுதியிருந்தாள். ஓர் இலக்கம்தானே என்று டூகல் விட்டிருக்கலாம். விடவில்லை. நான்கு மலைகளையும் இருவரும் மறுபடி ஏறினார்கள்.

இப்போது அவள் முன்னால் விடுவிடுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். என்னைக் கழற்றிவிட இவ்வளவு அவசரமா என்று நினைத்தபடி அவன் பின்தங்கி நடந்தான்.

மேகத்துக்குள்ளிருந்து சட்டென்று தூண் எதிரே வந்து நின்றது. நெஞ்சுயரக் கான்கிரீட். இருவரும் அதன்மேல் கை வைத்தார்கள். அவள் குனிந்து எண்ணை எழுதிக்கொண்டு, குறிப்பேட்டை நீட்டினாள்.

“முடிஞ்சுது. கையெழுத்துப் போடு.”

அவன் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டான். இன்னும் ஒரு நிமிடமாவது கிடைக்கட்டும் என்று மண்டியிட்டு, தகட்டில் படிந்த பாசியைக் கையுறையால் துடைத்தான். 2748. குறிப்பேட்டைப் பார்த்தான். 2743.

“ஈஷ்பெல், இது எட்டு. நீ மூணுன்னு எழுதியிருக்கே.”

“அப்படியா?” அவள் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அப்போ இது செல்லாது. இன்னொரு தடவை வரணும்.”

டூகல் மண்டியிட்டபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்போ... அந்த நாலும்?”

அவள் அவன் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கி மூடினாள்.

“எத்தனை மலையைத்தான் ரெண்டு தடவை ஏறறது, டூகல்? என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”