பால் பொங்கிய பக்கம்

பூமியைச் சுற்றும் குடியிருப்பில் மேகவல்லிக்கு இது முதல் பொங்கல். அவளுக்கு நிறைமாதம். எடையே இல்லாத இங்கே பிறக்கும் குழந்தையின் எலும்பு மண்ணில் நடக்கத் தாங்குமா என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை.

மின்னடுப்பில் இறுக்கி வைத்த பானையிலிருந்து பால் பொங்கியது. ஆனால் வழியவில்லை, வெள்ளை வெள்ளை முத்தாக எழுந்து அறையெங்கும் மிதந்தது.

ஊரிலிருந்து திரையில் மாமியார் கேட்டாள்: "எந்தப் பக்கம் பொங்குச்சு தாயி?"

கிழக்கே பொங்கினால்தான் மாமியாருக்கு நிம்மதி. சுற்றிக்கொண்டே இருக்கும் வீட்டில் கிழக்கு எங்கே? மேகவல்லிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எல்லாப் பக்கமும் பொங்குது அத்தை."

மாமியார் குலவையிட்டாள். மிதந்த பால்முத்துகள் அந்தச் சத்தத்தில் மெல்ல நடுங்கின.

"அப்ப நம்ம ஊருப் பக்கமுந்தான் பொங்கிருக்கு. புள்ள இங்க நடந்து வந்துரும்."