முதல் வந்தவன்

கல்லும் குழியுமான ஓர்ஸ் ஹில் பாதையில் மூன்று சிநேகிதர்கள் சைக்கிள் பந்தயம் ஓடினார்கள். குலசிங்கம் வெகுதூரம் பின்தங்கிவிட, பாயிசும் இரத்தினசிங்கமும் ஒன்றாகவே அடிவாரத்துக்கு வந்தார்கள்.

“என்ர சில்லுதான் முதல் வந்தது!” என்றான் பாயிஸ்.

“பொய் சொல்லாதை, நான்தான் முதல்!”

சத்தம் கேட்டுப் பக்கத்துச் சென்ரிக் காவலரணிலிருந்து ஓர் ஆமிக்காரன் இறங்கி வந்தான். இருவரும் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். போன கிழமை இங்கே ஆமி பிடித்துக்கொண்டு போன பொடியன் இன்னும் வீடு திரும்பவில்லை.

“யார் முதல் வந்தது?”

“நானில்லை சேர், இவன்!” என்றான் பாயிஸ்.

“ஐயோ, நானுமில்லை!”

அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த குலசிங்கத்தை இருவரும் சேர்ந்து காட்டினார்கள். “இவன்தான் சேர், முதல்!”

ஆமிக்காரன் சிரித்தான். முதல் வந்தவனுக்கென்று முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த குளிர்ச் சோடாவைக் குலசிங்கத்திடம் நீட்டினான்.

“ஏனடா எனக்கு?” என்று சிநேகிதர்களைக் கேட்டுக் கேட்டே அவன் முழுப் போத்தலையும் குடித்து முடித்தான்.