6/7 என்றால் என்றைக்கு?

"மண்டபம் இன்னிக்கு என்னுது! ஒருத்தரும் உள்ள போகக் கூடாது!"

கரங்கான் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் மருதம்மாள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பின்னால் வேனில் அவள் புருசன் பரஞ்சோதி, அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை, கழுத்து மாலையோடு தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபீஸ் ஜன்னலில் இருந்து குணாளன் எட்டிப் பார்த்தான். மண்டபத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் அவன்தான்.

எதிரே ராமையா. அவர் மகளுக்கும் இன்று, ஜூன் ஏழு, இங்கேதான் கல்யாணம். மணப்பெண் பூ சுற்றிய காடியை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் ஹேண்ட்போனைக் காட்டுங்க," என்றார் மேனேஜர் குழந்தைவேலு.

ராமையாவின் புக்கிங்: 7/6, 8:00 – 2:00.

மருதம்மாளுடையது: 6/7, 8:00 – 2:00.

"அக்கா, உங்களுது ஆறாம் தேதி, ஏழாம் மாசம். ஜூலைலா! ஒரு மாசம் முன்னாடியே மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டீங்க!"

கூட்டம் சிரித்தது.

"நான் ஜூன் ஏழைத்தான் அமுக்குனேன்! வெப்சைட் செஞ்சவனைக் கூப்பிடு!"

குணாளன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். முகம் வெளுத்தது. மருதம்மாளைத் தனியே அழைத்து மெதுவாக ஏதோ சொன்னான்.

அவள் காடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கூட்டத்தின் முன் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் கண்ணுதான் நொள்ளை! போங்க, போங்க, முகூர்த்த நேரம் ஆவுது!"

"தேதி படிக்கத் தெரியல, வாய் மட்டும் சந்தைப் பாசார் வரைக்கும் கேக்குது," என்றார் யாரோ. மறுபடி சிரிப்பு. மருதம்மாள் வேனுக்கு நடந்தாள்.

குணாளன் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, நான் சொன்னது புரியலையா? வெப்சைட்டுல நாடு அமெரிக்கான்னு இருந்துச்சு, நான் மாத்த மறந்துட்டேன். அமெரிக்காவுல மாசத்தைத்தான் முன்னாடி போடுவாங்க. 6/7ன்னா ஜூன் ஏழு. மண்டபம் உங்களுதுதான். அவங்க 7/6ன்னு தட்டுனதுதான் ஜூலை ஆறா பதிவாயிருக்கு!"

"மெதுவாப் பேசு தம்பி, மேனேஜர் காதுல விழுந்தா உன் வேலை போயிடும். அந்த ஜூலை தேதியை எனக்கு மாத்திப் போடு."

"அப்ப உங்க கல்யாணம்?"

மருதம்மாள் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அது புது மாப்பிள்ளை, நேரம் தப்புனா மனசு மாறிடும். இது இத்தனை வருசமா என்கிட்ட மாட்டுன மனுசன், ஒரு மாசத்துலயா ஓடிடப் போறாரு?"