மதினி வீட்டு லைட்

ஹால் லைட் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது.

"இந்தா, பாத்தியாப்பா? நான் சொல்லல?" என்று லூர்துராஜ் துள்ளி எழுந்தார். சோலார்காரன் கண் முன்னாலேயே பழுது நடந்துவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சோலார்காரனா?

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற மரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் வரப்போவதைப் புருஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவிட்சிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

பேட்டரி கரண்ட்டை வெளி லைனுக்கு மாற்றுகிற திருகு சுவிட்ச் அது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படபடவென்று திருப்பினால் வீடே கண் சிமிட்டும். ஒரு வாரமாக ஜெபமாலை முடிந்த கையோடு அவள் செய்துவரும் திருப்பணி.

வேறு வழியில்லை. மாடியில் சோலாரும் கீழே பேட்டரியும் வந்ததிலிருந்து, கரண்ட் போய் வில்லாபுரமே இருட்டிக் கிடந்தாலும் இவர்கள் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றும். அடுத்த தெருவிலிருந்த பெர்சி அதை மோப்பம் பிடித்துவிட்டார். லூர்துராஜின் தங்கை புருஷன். அவர் வீட்டு இன்வெர்ட்டர் கோடை தொடங்கியதுமே படுத்துவிட்டதாம். சாயங்காலம் வந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால், கிரிக்கெட் முடிந்துதான் எழுந்திருப்பார்.

வீட்டு மாப்பிள்ளை. போங்கள் என்று யார் சொல்வது?

அவர் இருக்கும்வரை மரியம்மாள் நைட்டியோடு ஹாலுக்கு வர முடியாது. சேலையைச் சுற்றிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க முறுகலாகத் தோசை ஊற்ற வேண்டும். சட்னி இரண்டு வகை. சொந்த வீட்டு ஃபேன் காற்று தன் மேல் பட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தால் அவளுக்கு அழுகையே வந்தது.

லைட் மக்கர் செய்தால் கிளம்பிவிடுவார் என்று பார்த்தாள். ஆனால் விளக்கு மினுக்கியும் மாப்பிள்ளை அசையவில்லை. டிவி அணைந்தால், அது திரும்ப வரும்வரை ரிமோட்டும் கையுமாகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

இப்போது இந்தச் சோலார்காரன் வேறு. கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், மாப்பிள்ளையை விரட்டியவள் என்ற பேர் சொந்தபந்தம் முழுக்கப் பரவும். அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் தலைகாட்ட முடியாது.

அந்தச் சோலார்காரன், உசிலம்பட்டி கருத்தக்கண்ணன், லேசுப்பட்ட ஆள் இல்லை. மாடிக்குப் போனான். பேட்டரியைத் தடவினான். ஒவ்வொரு வயராக ஆட்டினான். எங்கேயும் ஒரு குறையும் இல்லை. கடைசியில் டார்ச்சை அடித்துக்கொண்டு வந்து அடுப்படிக் கதவை இழுத்தான்.

சுவிட்சின் குமிழ் முழுக்கத் தோசை மாவு.

அவன் குமிழைப் பார்த்தான். அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு எட்டி, ஹாலில் மடியில் தட்டோடு அடுத்த தோசைக்காகக் காத்திருந்த பெர்சியைப் பார்த்தான்.

மரியம்மாள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றாள்.

அவன் கழுத்துத் துண்டால் மாவைத் துடைத்துவிட்டு ஹாலுக்குப் போனான்.

"வயரெல்லாம் சரியாத்தேன் இருக்குண்ணே. இந்த ஃபேனுலதேன் ஒரு சந்தேகம். நான் திரும்ப வார வரைக்கும் இதுக்குக் கீழ யாரும் உக்காந்துறாதீக."

"எப்ப வருவ?" என்றார் லூர்துராஜ்.

"சொல்ல முடியாதுண்ணே."

பெர்சி பாதித் தோசையோடு எழுந்துவிட்டார். அண்ணாந்து ஃபேனைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, வாசலில் காலாலேயே செருப்பைத் தேடினார்.

அவர் தெரு திரும்பியதும் மரியம்மாள் நைட்டிக்கு மாறினாள். ஃபேனுக்கு நேர் கீழே போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். லூர்துராஜ் பதறினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. நாத்தனார் சகாயராணி, பெர்சியின் பெண்டாட்டி. எடுத்த எடுப்பிலேயே குரலில் அனல் பறந்தது.

"மதினி, எங்க வீட்டு இன்வெர்ட்டர் வயர உருவிப் போட்டுட்டுத்தேன் இந்த மனுசன அங்கிட்டுப் பத்திவிட்டேன். நீங்க எத உருவுனீக?"