உடையப்பனின் அரை மணி நேரம்

தோஹா தொழில்பேட்டை கேம்ப்பில், அந்த அறையில் எட்டுப் பேருக்கும் ஒரே வைஃபை. யாருக்காவது முழு நெட்டும் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் தங்கள் போனில் வைஃபையை அணைத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அரை மணி நேரம் எப்போதும் உடையப்பனுக்குத்தான். அறைக்குப் புதிதாக வந்த அன்பரசனுக்கு அது பொறுக்கவில்லை.

"லீவு நாள்ல எல்லாருந்தான் வீட்டுக்குப் பேசணும். வாராவாரம் அவருக்கே குடுத்தா எப்படிண்ணே?"

"மக கூட வீடியோவுல பேசுவாருப்பா" என்றார் வீரபாண்டி.

"நெட் ஸ்லோவானா நாமல்லாம் ஆடியோவுல பேசிக்கலையா? அவருக்கு மட்டும் முகத்தைப் பாத்தாத்தான் பேச்சு வருமோ?"

"நாளைக்கு நீயே பாரு" என்று சொல்லிவிட்டு வீரபாண்டி குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் எல்லோரும் வைஃபையை அணைத்தார்கள். அன்பரசன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, ஒரு படத்தை ஓடவிட்டான்.

வெகுநேரமாகியும் உடையப்பனின் கட்டிலிலிருந்து பேச்சுக்குரலே வரவில்லை. நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மனிதர் தூங்குகிறாரா? ஆத்திரத்தோடு எழுந்துபோய் எட்டிப் பார்த்தான்.

போனைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்தார் உடையப்பன். இரண்டு கைகளையும் விரல்களையும் அசைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் இருந்த சிறுமி பதில் சொல்லத் தூக்கிய கை, பாதியிலேயே உறைந்து நின்றது. மகள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல் அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்பரசன் மெல்லத் தன் போனை எடுத்து வைஃபையை அணைத்தான்.

திரையில் அந்தச் சின்னக் கை மறுபடி பேச ஆரம்பித்தது.