லைட் பாக்ஸில் இரண்டு மாத்திரைகள்

லேபுக்கு இருபத்திரண்டு படிகள். ஞானாம்பாள் ஏறிவரும் சத்தம் இரண்டு இடத்தில் நின்று, பிறகு தொடர்ந்தது.

அவள் என் மனைவி. கீழே டையிங்கில், சாயத்தொட்டியிலிருந்து ஈரமாக வரும் துணியைப் பிரித்துவிடும் மெஷினில் அவளுக்கு வேலை. எனக்கு மேலே லேபில். துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துணியும் நாங்கள் சாயம் போட்ட துணியும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு நேரம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே இரண்டு தைராய்டு மாத்திரைகள். பழைய அட்டையில் கடைசியாக மிஞ்சியது ஒன்று. இப்போது சாப்பிடுவது ஒன்று.

"ஏனுங்க, இந்தப் புதுசு எனக்குச் சேரலீங்க. மாத்துனதுல இருந்து நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. பழசையே வாங்கிக் குடுங்க."

மூன்று மாதத்துக்கு முன் மாற்றியவன் நான்தான். கம்பெனி வைத்த பெயரில் விற்கும் மாத்திரையை விட்டுவிட்டு, மருந்தின் பெயர் மட்டும் அச்சிட்ட, விலை குறைந்த அட்டையை வாங்கினேன்.

யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

லைட் பாக்ஸின் சுவிட்சைப் போட்டேன். அது சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி. உள்ளே மூன்று வகை விளக்குகள். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொன்றில் வேறாகிவிடும். அதனால் எதையும் மூன்றிலும் பார்க்காமல் நான் பாஸ் செய்வதில்லை.

"உள்ள வையி, பாக்கலாம்."

வைத்தாள். மஞ்சள் பல்பில் இரண்டும் ஒன்று. பகல் வெளிச்சத்தில் பழையது லேசாகப் பழுப்பேறியிருந்தது.

"பாத்தீங்களா, வேற வேற!" என்றாள், ஜெயித்துவிட்டவள் போல.

அது மாவின் நிறம் என்றேன். நூறு கிலோ துணிக்கு நூறு கிராம் சாயம் போட்டால் வெளிறிய ஒரு நிறம் வரும் இல்லையா? மாத்திரையிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மருந்து. மிச்சமெல்லாம் அதைக் கையில் பிடிக்கும்படி ஆக்குவதற்கான மாவு. கம்பெனிக்குக் கம்பெனி மாவு மாறும். மருந்து மாறாது.

"பனியன் துணிக்குப் பாஸ் போடற மாதிரி மாத்திரைக்கும் போடறீங்களா, லேப்காரரே?"

சிரித்துக்கொண்டே தொடர்ந்தேன். ஒரே பனியனுக்கு, வேறு வேறு தடவை சாயம் போட்ட இரண்டு லாட் துணியை வெட்டமாட்டோம். உடம்புக்கும் அப்படித்தான். இந்த மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவில் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். பார்த்தோமே. தைராய்டு அளவு, டி.எஸ்.எச்., இரண்டு புள்ளி ஆறு. அதைவிட நல்ல எண் எது? வெறும் வயிற்றில், டீக்கு முன்னால், ஒரு நாள் தவறாமல் நானே எடுத்துத் தருகிறேன்.

அவள் மாத்திரைகளை எடுக்கப் பெட்டிக்குள் கை நீட்டினாள். பகல் விளக்கில் அவளுடைய நகங்கள் தெரிந்தன. ஐந்தும் மங்கலான நீலம்.

டையிங்கில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த நேரமும் நகத்தில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

"சோறு திங்கற கை. கழுவிட்டு வரக் கூடாதா?" என்றேன்.

அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"சோப்புப் போட்டுத்தானுங்க கழுவுனேன்."

நான் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்துக்குப் போகும் வழி. படம் நன்றாக வந்திருந்தது.

அதைக் கடைசி வரை பார்த்தாள். "சரிங்க. மாத்திரைல ஒண்ணுமில்லீனா செரி" என்றாள். பொட்டலத்தைப் பழையபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது காலடிச் சத்தம் எங்கும் நிற்கவில்லை. அதைக்கூட என் பக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதே படிகளின் பாதியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு வெகு நாட்களாகவே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தைராய்டு அளவைத் திரும்பப் பார்த்திருந்தார்கள். சரியாக இருந்தது. இரண்டு மாத்திரைகளும் ஒன்றுதான். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை.

போர்வைக்கு வெளியே கிடந்த அவளுடைய கையைத் தூக்கி, நகம் எத்தனை நாளாக இந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"அது சாயமுங்க டாக்டர். டையிங்ல வேலைங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

நான் கை கழுவச் சொன்ன அந்த வாரம் முழுக்க அவள் மெஷினில் ஓடியது கைக்குழந்தைகளின் பனியனுக்கான துணி. ஏழு டன். அத்தனையும் வெள்ளை.

மூன்று வெளிச்சத்திலும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.