சூசையின் பவளத்தொட்டி

"உப்பு பத்தல, அமலி" என்று மனைவி அமலோற்பவத்தின் ரசத்தைக் குறை சொல்லிவிட்டு வெளியே போன சூசை உயிரோடு திரும்பவில்லை.

நல்ல தண்ணீரில் கப்பி மீன் வளர்த்த காலத்தில் அவருடைய தொட்டி பேசியதில்லை. போன வருடம் கடல்நீருக்கு மாறிப் பவளம் வளர்த்தபோதுதான், உப்பு குறைந்தால் சொல்வதற்காகத் தன் குரலைப் பதிவுசெய்து தொட்டியின் கருவிக்குக் கொடுத்தார். அடக்கம் முடிந்த மறுநாள், வற்றியிருந்த தொட்டியில் அவள் நல்ல தண்ணீர் ஊற்றியதும் அது சொன்னது: "உப்பு பத்தல, அமலி."

தொட்டியைச் சரிபார்க்க வந்த கடைப் பையன் ரூபன் தயங்கினான். "ம்மா, குரல மாத்திருவமா? சாந்தமான பொம்பளக் குரல் இருக்கு."

"வேண்டாம்யா. பிறகு என்னயக் கொற சொல்ல வீட்ல யாரு இருக்கா?"

இப்போது தினமும் காலையில் அமலோற்பவம் தொட்டியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றுகிறாள். குரல் கேட்டதும், பவளம் சாகாதபடி உப்புநீரும் சேர்க்கிறாள்.

ரசத்தில் உப்பு இன்றும் குறைவுதான்.